அந்தியூர் சந்தையில் மட்டக்குதிரை: என்ன பார்த்து வாங்குவது?

கோரைக்காடு (கேள்வி)

வணக்கமுங்க. இந்த ஆடிக்கு அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு மட்டக்குதிரை வாங்கற யோசனை. தேவை ரெண்டு. பசங்க ஏறிப் பழகோணும் (ஒருத்தனுக்கு 8 வயசு, 24 கிலோ, இன்னொருத்தனுக்கு 11 வயசு, 34 கிலோ). வாரத்துல ரெண்டு நாள் ஒத்தக் குதிரை வண்டியில பூட்டோணும். பந்தயத்துக்கு இல்லீங்க.

தரகர் ஒருத்தர் இப்பவே ஒண்ணு சொல்றாரு: 43 இன்ச், ரெண்டு வயசு, ஆண், "சுழி சுத்தம், ரவால் நடை, பஞ்சகல்யாணி". போட்டோவுல நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தெரிய வேண்டியது: பல்லை வச்சு வயசு எப்படிப் பார்க்கறது, காலுல என்ன பார்க்கறது, பேரம் எப்படி, கொண்டு வர என்ன காகிதம் வேணும். ரெண்டு ஏக்கர் கொறங்காடு இருக்கு, கொழுக்கட்டைப் புல்லு, கிளுவை வேலி. அதுவே மேய்ச்சலுக்குப் போதுமா?

லாடக்கொட்டகை

தம்பி, பல்லைப் பார்க்கறதுக்கு முன்னாடி உங்க கணக்கையே ஒருக்கா சரி பாருங்க. தரகர் சொல்ற குதிரை உங்க வேலைக்கு மூணு வகையில ஆகாது.

முதல்ல எடை. குதிரை மேல ஏத்தற மொத்தச் சுமை, சேணத்தையும் சேர்த்து, அதோட உடல் எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடையைத் தராசு இல்லாமலே போட்டுடலாம். முன்னங்கால் உடம்போட சேர்ற இடத்துக்குப் பின்னாடி நெஞ்சைச் சுத்தி டேப்பு. அப்புறம் தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரைக்கும் நீளம். ரெண்டும் சென்டிமீட்டர்ல. சுற்றளவை சுற்றளவால பெருக்கி, அதை நீளத்தால பெருக்கி, 11,880-ஆல வகுத்தா கிலோ வந்துரும். 43 இன்ச் மட்டத்துக்கு சுற்றளவு 125, நீளம் 115-னு வச்சா 151 கிலோ. அப்ப அது தூக்கறது 30 கிலோ. சேணம் அஞ்சு கிலோன்னா சின்னவனுக்கு மட்டும்தான் சரி, அதுவும் ஒரு வருசத்துக்கு. பெரியவனுக்கு 39 கிலோ தூக்கோணும், அதாவது 195 கிலோ குதிரை. சுற்றளவு 137, நீளம் 125 இருந்தா அந்த எடை வரும். 47, 48 இன்ச்சுல தேடுங்க.

ரெண்டாவது வயசு. ரெண்டு வயசுக் குட்டிக்கு முதுகெலும்பும் மூட்டும் முத்தியிருக்காது. மூணு முடியாம முதுகுல ஆள் ஏத்தறதும் வண்டியில பூட்டறதும் ஆறு வயசுலயே நொண்டியை விலைக்கு வாங்கற மாதிரி. பழகாத குட்டி, பழகாத பசங்க: இந்த ரெண்டும் ஒரே தொழுவத்துல சேரவே கூடாது. ஆறிலிருந்து பன்னெண்டுக்குள்ள, ஏற்கெனவே வண்டி இழுத்துப் பழகினதா பாருங்க.

மூணாவது, காயடிக்காத ஆண். பக்கத்துத் தோட்டத்துல பெட்டை பருவத்துக்கு வந்தா கயித்தை அத்துக்கிட்டு ஓடும். கடிக்கும், முன்னங்காலைத் தூக்கும். நம்ம பக்கம் காயடிச்ச குதிரை கிடைக்கறது குறைவு, அதனால அமைதியான பெட்டைதான் உங்களுக்குச் சரி. ஆணே வாங்கினாலும் டாக்டரை வச்சு மயக்க மருந்து குடுத்துக் காயடிச்சிருங்க. ஈ குறைஞ்ச, மழை இல்லாத நாளா இருக்கட்டும். டெட்டனஸ் ஊசி போடாம கத்தி வைக்கவே கூடாது.

ரவால் நடையும் (முதுகு குலுங்காம வேகமாப் போற நடை) பஞ்சகல்யாணியும் (நாலு கால் வெள்ளை, முகத்துல வெள்ளை) விலையை ஏத்தும். உங்க பசங்களுக்கு அதால காலணா பிரயோசனம் இல்ல.

கடைப்பல்

வயசு பத்தி எழுதறேன். கீழ்த்தாடை முன்பல் ஆறையும் பாருங்கள். உதட்டைப் பிரித்தால் போதும், நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

பால் பல் சின்னது, வெள்ளை வெளேரென்று இருக்கும், ஈறோரம் இடுப்பு மாதிரி குறுகும். விழுந்து முளைத்த பல் பெரியது, மஞ்சளோடியது, முன்பக்கம் கோடு ஓடும். நடு ரெண்டு இரண்டரை வயதில் மாறும், அடுத்த ரெண்டு மூன்றரையில், ஓரத்து ரெண்டு நாலரையில். ஐந்து வயதில் கடை சேர்ந்துவிடும், அதாவது ஆறும் மாறி வரிசை நிறைந்துவிடும். ஆண் குதிரைக்கு நாலு, ஐந்து வயதில் முன்பல்லுக்கும் கடவாய்ப்பல்லுக்கும் நடுவே கோரைப்பல் வரும். பெட்டைக்குப் பெரும்பாலும் வராது. எனவே "ரெண்டு வயசு" என்று காட்டும் குதிரைக்கு ஆறும் பால் பல்லாக இருக்க வேண்டும். நடுப்பல் ரெண்டும் மாறியிருந்தால் இரண்டரை தாண்டியது.

ஐந்துக்கு மேல் பல்லின் மேல்தளத்தில் இருக்கும் கருப்புக் குழியைப் பார்க்க வேண்டும். கீழ்வரிசையில் நடுப்பல் குழி ஏறக்குறைய ஆறில் தேயும், அடுத்தது ஏழில், ஓரம் எட்டில். அதற்குப் பிறகு மேல்தாடை ஓரப்பல்தான் சாட்சி: பத்து வயதில் ஈறருகே ஒரு பழுப்புக் கோடு தொடங்கும், பதினைந்தில் பாதி வரை இறங்கும், இருபதில் அடிவரை வந்துவிடும். பக்கவாட்டில் பார்த்தால் இளம் குதிரைக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேராக முட்டும். கிழத்துக்கு முன்னே நீட்டிக்கொண்டு சாய்வாக முட்டும். பத்துக்கு மேல் ரெண்டு வருடம் முன்னே பின்னே தப்பலாம். மணல் காட்டில் மேய்ந்தது சீக்கிரம் தேயும்.

குழியைத் துளைத்துக் கருப்பேற்றி வயதைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. உண்மையான குழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு எனாமல் வளையம் இருக்கும். போலிக் குழிக்கு அந்த வளையம் இருக்காது. பல்லின் சாய்வையும் யாராலும் மாற்ற முடியாது.

உயரத்திலும் ஏமாற்று நடக்கும். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில்தான் அளக்க வேண்டும். சமதரையில், நேர்க்கோலில், மட்டப்பலகை வைத்து. டேப்பை உடம்பின் மேல் வளைத்துப் பிடித்தால் ஓரிரு இன்ச் கூடும். வளர்ந்து கிடக்கும் குளம்பும் அரை இன்ச் தரும். ஒரு வயதுக் குட்டி முழு உயரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் வந்திருக்கும், எனவே இன்று 42 இருப்பது நாளை 46, 47. உயரம் பார்த்துப் பிரிக்கிற பந்தயத்துக்கு வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

காட்டுவேலி

காலைப் பத்திச் சொல்லிடறேன், ஏன்னா பாதிக் குதிரை அங்கதான் கழியும்.

விடியக்காலையில போங்க. வித்தவர் ஓட்டிச் சூடேத்தறதுக்கு முன்னாடி, கட்டுத்தறியில இருக்கறப்பவே பாருங்க. ஒரு முன்னங்காலை முன்னாடி நீட்டி வச்சு நின்னா அந்தக் கால் வலி. ரெண்டு முன்னங்காலையும் நீட்டி, பாரத்தைப் பின்னாடி சாய்ச்சு நின்னா லாமினைட்டிஸ், குளம்புக்குள்ள வீக்கம். பின்னங்காலை மாத்தி மாத்தி இளைப்பாத்தறது சகஜம், அதுக்குப் பயப்படாதீங்க.

நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்க. தூக்கவே விடலன்னா பழக்கம் இல்லாத குதிரை, இல்லாட்டி மத்த மூணு கால்ல ஏதோ ஒண்ணு வலிக்குது. குளம்புச் சுவத்துல இருக்கற வளையம் முன்னாடியும் பின்னாடியும் ஒரே அகலமா இருந்தா அது வெறும் தீனி, பருவம் மாறுனதோட அடையாளம். குதிகால் பக்கம் அகலமாவும் முனைப் பக்கம் நெருக்கமாவும் இருந்தா பழைய லாமினைட்டிஸ். மட்டக்குதிரைக்கு இது ரொம்பவே வரும், ஒருக்கா வந்தது திரும்ப வரும். வாங்காதீங்க. அடியில முக்கோணமா ரப்பர் மாதிரி இருக்கற எடத்துல நாத்தமும் கருப்புச் சீழும் இருந்தா ஈரத் தரையில கட்டுனது. அது சுத்தம் பண்ணுனா ஆறிரும், விலையைக் குறைக்கப் பயன்படும்.

அப்புறம் கெட்டித் தரையில, கயித்தைத் தளர்த்திப் பிடிச்சு, மெல்ல ஓட விடச் சொல்லுங்க. கயித்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடிச்சா நொண்டல் தெரியாது, அதுக்குத்தான் அப்படிப் பிடிப்பாங்க. முன்னங்கால் நொண்டின்னா வலிக்கற கால் தரையில படறப்ப தலை மேல போகும், நல்ல கால் படறப்ப கீழ வரும். சின்ன வட்டத்துல ரெண்டு பக்கமும் சுத்த விடுங்க. ரவால் நடைக் குதிரையில இந்தத் தலையாட்டம் சரியாத் தெரியாது. வித்தவர் ரவால் மட்டும்தான் காட்டுவேன்னு நின்னா யோசிங்க.

வலி மாத்திரை போட்டு நொண்டலை மறைக்கறதும், மயக்க ஊசி போட்டு முரட்டுக் குதிரையைச் சாதுவாக் காட்டறதும் எந்தச் சந்தையிலயும் உண்டு. கீழ் உதடு தொங்கி, கண் பாதி மூடி, ஆண் குதிரைக்குக் குறி வெளிய தொங்கிக்கிட்டே இருந்தா ஊசி போட்டதாச் சந்தேகப்படுங்க. மொதநாள் சாயங்காலம் ஒருக்கா, அடுத்த நாள் காலையில ஒருக்கா, சொல்லாமப் போய்ப் பாருங்க. ரெண்டு நேரமும் ஒரே குதிரையா நின்னா சரி.

கண்ணுக்கு: பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காத்து படாம விரலை மெதுவாக் கிட்ட கொண்டு போங்க. கையை வீசுனா பார்வை இல்லாத குதிரையும் காத்துப்பட்டு இமைக்கும்.

சந்தைமேடு

பேரம் பற்றி. துண்டுக்குள் விரல் பிடிக்கிற பேச்சு இன்னும் நடக்கிறது. எந்த விரலுக்கு ஆயிரம், எதற்குப் பத்தாயிரம் என்பதைத் தரகரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாய்விட்டே பேசுங்கள். தரகு யார் கொடுப்பது, எவ்வளவு என்பதையும் விலை பேசுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வாங்குகிற தரகருக்கு விலை குறைவதில் அக்கறை இருக்காது.

தரகர் சொன்ன "சுழி சுத்தம்" பற்றியும் ஒன்று சொல்கிறேன். சுழி என்பது மயிர் திரும்பும் இடம், அவ்வளவுதான். குதிரையின் ஆரோக்கியத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்க வருகிறவர் சுழி பார்ப்பார். சந்தையில் ஆகாது என்று ஒதுக்கிய சுழியுள்ள குதிரையை நம்பிக்கை இல்லாதவர் மலிவாக வாங்கலாம், விற்கும்போது அதே மலிவுக்குத்தான் போகும். பல வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு அது லாபம். ரெண்டு வருடத்தில் கைமாற்றப் போகிறவருக்கு நஷ்டம். உங்கள் தேவைக்கு, சுழி குறை சொல்லி மூலையில் கட்டியிருக்கும், கால் சுத்தமான, எட்டு வயதுப் பெட்டைதான் சந்தையிலேயே நல்ல சரக்கு.

தூரத்திலிருந்து வந்தவர்கள் கடைசி நாளில் திரும்ப வண்டி வாடகை கொடுப்பதைவிட விலையை இறக்குவார்கள். ஆனால் நல்லவை முதல் நாளே போயிருக்கும். முதல் நாள் பார்த்து, எண்ணி நாலைக் குறித்துவைத்து, எது மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

அச்சாரம் கொடுக்கும்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: நிறம், வெள்ளைக் குறிகள், சுழி இருக்கும் இடங்கள், உயரம், பல் கணக்கு, விலை, தேதி, இருவர் பெயர், ஊர், கைபேசி எண், ஒரு சாட்சி. "வண்டி பழகியது", "சினை" என்று சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற வாக்குக்கு விலை கொடுக்காதீர்கள். போட்டோ மட்டும் பார்த்து முன்பணம் அனுப்புவது இன்னொரு குழி. பாதி விலை சொல்லி, வண்டி வாடகையை மட்டும் முதலில் அனுப்பச் சொல்கிறவரிடம் குதிரையே இருக்காது.

மருந்துப்பெட்டி

நோய் பற்றி யாரும் எழுதவில்லை. பல ஊர்க் குதிரை ஒரே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கிற இடம் அது.

முதலில் மூக்கு, தாடை. மூக்கில் கெட்டிச் சளி, தாடைக்கு அடியில் வீங்கிய கட்டி, காய்ச்சல் என்றால் ஸ்ட்ராங்கில்ஸ். குட்டிகளுக்கு அதிகம். மூக்கில் புண், கால் உட்புறம் வரிசையாக முடிச்சு, உடைந்து தேன் மாதிரி ஒழுகினால் கிளாண்டர்ஸாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். தொடாமல் விலகி, கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய் அது. அடிவயிறும் காலும் வீங்கி, தின்றும் இளைத்து, காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் சர்ரா. மாட்டு ஈ கடித்துப் பரவும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம், சந்தேகம் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

ஓய்வில் இருக்கும்போது வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 30 முதல் 45 வரை (சின்ன மட்டத்துக்குக் கொஞ்சம் கூடும்), மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. ஒரு தெர்மாமீட்டர் கையில் கொண்டு போங்கள்.

காகிதம்: 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிப்படி, பயணத்துக்குத் தகுதியானது, தொற்று இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். லாரியில் நாலிலிருந்து ஆறு குதிரைக்கு மேல் ஏற்றக் கூடாது, கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைக்கு உங்கள் கால்நடை மருத்துவமனை வழியாகக் கேளுங்கள். மாதிரிகளைப் பார்க்கும் தேசிய ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது.

டாடா ஏஸில் ஏற்றுவதானால் பக்கப்பலகை தாழ்வு, குதிரை தாவும். மேலே சட்டம் கட்டி, தரையில் மணலும் வைக்கோலும் போடுங்கள். கயிறு, தலையைத் தாழ்த்திச் செருமும் அளவுக்கு நீளம் வேண்டும். புறப்படும் நாளில் தானியம் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனிக் கொட்டகை, தனி வாளி. ஸ்ட்ராங்கில்ஸ் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே வந்துவிடும். டெட்டனஸ் தடுப்பூசி ரெண்டு, நாலு முதல் ஆறு வார இடைவெளியில், பிறகு வருடம் ஒன்று. வெறிநாய்த் தடுப்பூசியும் வருடம் ஒன்று. குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அதாவது 200 கிலோ குதிரைக்கு 40 மில்லிகிராம். குதிரைக்கான வாய்வழி பேஸ்ட்டாக மட்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட்டால் குத்திய இடம் அழுகும் ஆபத்து உண்டு. மருந்துக்கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள், ஒன்றல்ல.

கோரைக்காடு

ரொம்ப நன்றிங்க. ஆண் குட்டியை விட்டாச்சு. இப்ப அதே தரகர் 48 இன்ச் பெட்டை ஒண்ணு சொல்றாரு, ஏழு வயசு, "ஆறு மாசச் சினை, ஒண்ணுக்கு ரெண்டு". அதுக்காக விலையில மூணுல ஒரு பங்கு கூடக் கேக்கறாரு. அப்புறம் அந்த மேய்ச்சல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலீங்களே?

லாடக்கொட்டகை

சினைக்குன்னு தனியாப் பணம் குடுக்காதீங்க. குதிரைக்குச் சினைக்காலம் 11 மாசம். ஆறு மாசத்துல வயித்தைப் பாத்துச் சொல்ல முடியாது; புல்லுத் தின்ன வயிறும் அப்படித்தான் இருக்கும். டாக்டர் ஸ்கேன்ல காட்டட்டும், இல்லாட்டி காலிப் பெட்டை விலைக்குக் கேளுங்க. நெசமாவே சினைன்னா இன்னும் ரெண்டு, மூணு மாசம்தான் லேசான வேலை வாங்கலாம். அப்புறம் குட்டி போட்டு அஞ்சாறு மாசம் பால் மறக்கற வரைக்கும் உங்க வண்டியும் நிக்கும், பசங்க சவாரியும் நிக்கும். ஒண்ணுக்கு ரெண்டுதான், ஆனா முக்கா வருசம் ரெண்டுமே வேலைக்கு ஆகாது.

வண்டிக்கு வந்ததும் ஒரு சேதி: வண்டி இழுக்கற, பொதி சுமக்கற விலங்குகளுக்கான 1965-ஆம் வருசத்து வதைத் தடுப்பு விதிப்படி நாளுக்கு ஒம்பது மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது, 37 டிகிரி தாண்டுற வெயில்ல மத்தியானம் 12-லிருந்து 3 வரைக்கும் பூட்டக் கூடாது. சித்திரை வைகாசிக்கு ஞாபகம் வச்சுக்கங்க.

காட்டுவேலி

கிளுவை வேலி நல்ல வேலி. முள்கம்பி மட்டும் வேண்டாம். குதிரை மிரண்டா நிக்காது, நெஞ்சைக் கிழிச்சுக்கும். வேலியோரம் அரளியும் ஆமணக்கும் இருந்தா வேரோட பிடுங்கிப் போடுங்க.

கொழுக்கட்டைப் புல்லுல ஒரு சிக்கல் இருக்கு. மாட்டுக்கு அருமையான புல்லு, குதிரைக்கு அது ஒண்ணையே வருசக்கணக்காப் போட்டா அதுல இருக்கற ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுரும். மாட்டு வயித்துல இருக்கற நுண்ணுயிர் அதைக் கரைச்சுரும், குதிரைக்கு அந்த வசதி இல்ல. உடம்பு எலும்புலருந்து சுண்ணாம்பை உருவும். மொதல்ல கால் மாறி கால் நொண்டும், அப்புறம் மூஞ்சி எலும்பு ரெண்டு பக்கமும் உப்பும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் அதே கதை. இதுக்கு மேல கோதுமைத் தவிட்டை வாரி வாரிப் போட்டா இன்னும் மோசம், தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம். பேர்லயே குதிரை இருக்கற குதிரைமசால்தான் இதுக்கு மருந்து: காய வச்சது நாளுக்கு ஒரு கிலோ, கூட தாது உப்புக் கலவை.

200 கிலோ குதிரைக்கு நாளுக்கு 3-லிருந்து 4 கிலோ காய்ந்த தீவனம் வேணும், அதுல பெரும்பங்கு புல்லாவே இருக்கட்டும். வேலை செய்யற நாள்ல ஊறவச்ச கொள்ளு அரைக் கிலோ, ரெண்டு வேளையாப் பிரிச்சு. சும்மா நிக்கற நாள்ல அதுவும் வேண்டாம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, தானியம் அதிகமானா வயித்துவலி, இல்லாட்டி குளம்புக்கு இறங்கும். பூஞ்சை புடிச்ச மக்காச்சோளம் மூளையைக் கெடுக்கும். பச்சைச் சோளத்தட்டு போட்டுப் பழகாதீங்க: சிறுநீர்ப்பை கெட்டு, பின்பக்கம் தள்ளாடும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மூட்டைக்குக் கிட்டயே விடாதீங்க. அதுல மோனென்சின்ங்கற மருந்து கலந்திருந்தா கொஞ்சமே போதும், இதயத்தைத் தாக்கும்.

தண்ணி வெயில் நாள்ல 20 லிட்டருக்குக் குறையாம. தனியாக் கட்டிப் போட்டா கத்தும், வேலியைச் சுத்திச் சுத்தி நடந்து இளைக்கும். ஒரு ஆடாவது பக்கத்துல நிக்கட்டும். குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருக்கா சீவோணும். மண் தரையில மட்டும் நடக்கற குதிரைக்கு லாடம் தேவையில்ல, தார் ரோட்டுல வண்டின்னா வேணும். சந்தைக்குப் போறப்பவே லாடம் அடிக்கறவர் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவர் கூலி ஒரு நாள் கூலிதான், நாலு குளம்பையும் உங்களுக்கு முன்னாடி அவர் படிச்சுருவாரு.